தலைமை வகித்தவர் பெயர்

சவுந்தரநாயகத்தைப் பிடித்தது பொறாமைதான். அவர் அதற்கு ஒழுங்கு என்று பெயர் வைத்தார், பிறகு அநுபவம் என்றார், வாய்க்கு வந்தபோது பத்திரிகை தர்மம் என்றும் சொல்லிப் பார்த்தார். நாம் எதற்கு அவரோடு சேர்ந்து சுற்றி வளைக்க வேண்டும்? நல்ல மனுஷர், வேலை தெரிந்தவர், நாற்பத்தைந்து வயதில் பொறாமையில் வெந்துகொண்டிருந்தார். அவ்வளவுதான் விஷயம்.

'மாலைமித்திரன்' கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த பின்னேரப் பத்திரிகை. காலை பதினொரு மணிக்கு அச்சுக்கு இறங்கி மூன்று மணிக்கெல்லாம் ட்றாம் தரிப்புகளில் கைக்குக் கிடைத்துவிடும். அதன் மூன்றாம் பக்கம் பதினாறு வருஷமாகச் சவுந்தரநாயகத்தின் ராச்சியம். நகரச் செய்தியும் சங்கச் செய்தியும் அந்தப் பக்கத்தில்தான். கொழும்பில் மூன்று தமிழர் கூடினால் ஒரு சங்கம், நாலாவது ஆளும் வந்துவிட்டால் இரண்டு சங்கம் என்றிருந்த காலம் அது. எல்லாச் சங்கத்துக் காரியதரிசிகளும் அறிக்கையும் கையுமாக அவர் மேசைக்கு முன்னால் வந்து நின்றாக வேண்டும்.

அவர் நீலப் பென்சிலை எடுத்துக் காதுக்குப் பின்னால் ஒருமுறை தேய்த்துவிட்டு, எல்லாரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"தலைமை வகித்தவர் யார்?"

தலைமை இருந்தால் செய்தி. தலைமை இல்லாவிட்டால் அது வெறும் சம்பவம். டாக்குத்தர், அட்வகேட் தலைமை என்றால் ஆறு அங்குலம். பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார் என்றால் மூன்று. அளப்பதற்கென்றே மேசையில் ஒரு மரத்து அடிமட்டம் கிடந்தது. வெள்ளவத்தை அட்வகேட் ஸ்ரீஸ்கந்தராசா ஒரே கிழமையில், ஏழு நாளுக்குள், வாசிகசாலை ஆண்டுவிழா, கரம் போட்டி, பிரிவுபசாரம் என்று ஐந்து இடத்தில் தலைமை வகிப்பார். ஆறாவது இடத்துக்கு அவர் சளித் தடிமன் காரணமாக வர முடியாமற் போனதுகூட மூன்றாம் பக்கத்தில் இரண்டு அங்குலத்துக்கு வரும். கொழும்பில் இதைவிடப் பெரிய காரியம் எதுவுமே நடப்பதில்லையா என்று வாசகர்கள் கேட்டதாகத் தெரியவில்லை. அவர்களும் அந்தப் பக்கத்தில் தங்கள் பெயரைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இமெல்டா அந்த மேசைக்கு முதலில் வந்தது ஆறு வருஷத்துக்கு முன்னால். முகத்துவாரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சர். அங்குள்ள அயலவர் சங்கத்துக்குக் கௌரவ காரியதரிசி. தங்கள் சந்து ஒழுங்கையில் தெரு லாம்பு இல்லை, பெண்கள் இருட்டில் விழுந்து எழும்புகிறார்கள் என்று ஊதா மையில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

"தலைமை வகித்தவர் யார்?" என்றார் சவுந்தரநாயகம்.

"ஒருத்தரும் இல்ல, மிஸ்டர் சவுந்தரநாயகம். லாம்பு இல்ல. அவ்வளவுதான் செய்தி."

அவருக்குச் சிரிப்பு வந்தது. பொறுமையாக விளக்கினார். ஒரு கூட்டம் போடுங்கோ, ஒரு பெரியவரைக் கதிரையில் இருத்துங்கோ, ஒரு தீர்மானம், கடைசியில் ஒரு நன்றியுரை, பிறகு பாருங்கோ என்றார். இரண்டு கிழமையில் இமெல்டா கூட்டம் கூட்டிவிட்டாள். மூன்று அங்குலம் வந்தது. இரண்டு மாதத்தில் லாம்பும் வந்தது. அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை தோறும் நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு நேரே அவர் மேசைக்கு வருவது அவளுக்கு வழக்கமாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமைகளில் சவுந்தரநாயகம் இஸ்திரி போட்ட கோட்டில் வருவார். கீழ்க்கடையிலிருந்து இரண்டு தேத்தண்ணியும் சீனி தூவிய, முதலை வடிவக் கிம்புலா பணிஸும் மேலே வரும். தங்கச்சிமார் மூவரையும் கரைசேர்த்துவிட்டுத் தனியாக இருந்த மனுஷர். இமெல்டாவிடம் சொல்வதற்கு ஒரு வாக்கியம் வைத்திருந்தார். அடுத்த செவ்வாய் சொல்லலாம் என்று ஆறு வருஷம் வைத்திருந்தார். அவளோ அறிக்கையைக் கொடுத்து, பணிஸில் பாதியைத் தின்று, "வாறன், மிஸ்டர் சவுந்தரநாயகம்" என்று போய்விடுவாள். அந்த மிஸ்டரைக் கழற்றி வைக்கச் சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை.

இப்படி இருக்கையில்தான் றேமண்ட் வேலைக்குச் சேர்ந்தான். இருபத்தொன்பது வயது, சொந்தச் சைக்கிள், எதைக் கேட்டாலும் போய்ப் பார்த்துவிட்டு வருகிற வியாதி. ஒரு செவ்வாய்க்கிழமை இமெல்டா கொண்டுவந்த அறிக்கையை, சவுந்தரநாயகம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து எட்டி வாசித்துவிட்டான்.

"மிஸ், இந்த இடத்தை எனக்குக் காட்டுவீங்களா?"

இரண்டு பேரும் எழும்பிப் போனார்கள். அன்று தன்னுடைய தேத்தண்ணியையும் அவளுடையதையும் சவுந்தரநாயகமே குடித்தார். அடுத்த செவ்வாய் இமெல்டா நேரே றேமண்டின் மேசைக்குப் போனாள். போகிற வழியில் இவருக்கு ஒரு தலையசைப்பு. மே மாதம் முடிவதற்குள் அவன் 'றேமண்ட்' ஆகிவிட்டான். ஆறு வருஷம் மிஸ்டராக இருந்தவர் நாலு கஜத் தூரத்தில் உட்கார்ந்து அதைக் காதால் கேட்டார். அவர்கள் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று குடைந்தது. சிரிக்காமல் தாழ்ந்த குரலில் கதைத்தால் இன்னும் மோசமாகக் குடைந்தது. றேமண்ட் எழுதியது முதற்பக்கத்துக்குப் போன நாட்களில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் பன்னிரண்டாந் திகதி, வியாழக்கிழமை. மறுநாள் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் பெருநாள். பத்திராதிபர் மகளின் கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் போயிருந்தார். பத்திரிகை முழுவதும் சவுந்தரநாயகத்தின் பொறுப்பில் இருந்தது. பத்து மணிபோல றேமண்ட் வியர்த்து வடிய வந்து ஒரு தாளை நீட்டினான்.

முகத்துவாரத்துப் பனங்கிணற்று ஒழுங்கையில் குழாயில் தண்ணீர் வராமல் இரண்டு மாதம். சனங்கள் பழைய பனங்கிணற்றுக்கே திரும்பிவிட்டார்கள். அந்தக் கிணற்றுக்குள் கக்கூஸ் கானின் சாக்கடைத் தண்ணீர் கசிகிறது. அயலவர் சங்கத்துப் பெண்கள் மூன்று நாளாக வீடு வீடாகப் போய் எண்ணியிருக்கிறார்கள்: நாற்பத்தொரு வீட்டில் இருபத்துமூன்று வீட்டில் காய்ச்சல், நாலு பேரை அடக்கம் பண்ணியாயிற்று. நெருப்புக் காய்ச்சல்தான், டைபாய்டுதான் என்று பார்த்த டாக்குத்தரும் சொல்லிவிட்டார். அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் யாரும் வாயில் வைக்கக் கூடாது.

சவுந்தரநாயகம் இதைச் செய்தி என்று அறியாமல் இல்லை. பதினாறு வருஷத்தில் மூன்றாம் பக்கத்துக்கு இப்படி ஒன்று வந்ததில்லை. கோர்த்து முடித்த முதற்பக்கத்தைத் திறக்கச் சொல்லி எழும்பப் போனவர், தாளை வெளிச்சத்தில் பிடித்தார். றேமண்டின் கோழிக்கிறுக்கலுக்கு நடுவே, வரிக்கு வரி, ஊதா மையில் திருத்தங்கள் இருந்தன. ஓரிடத்தில் அவன் எழுதியதை அவள் வெட்டியிருந்தாள்; அதற்குப் பக்கத்தில் அவன் ஏதோ பகிடியாக எழுதி, அதையும் அவள் வெட்டியிருந்தாள். ஒரே தாளில் இரண்டு கையெழுத்து. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்துதான் அப்படி எழுத முடியும்.

அவர் எழும்பவில்லை. நீலப் பென்சிலை எடுத்தார்.

"தலைமை வகித்தவர் யார்?"

றேமண்ட் முதலில் பகிடி என்று நினைத்தான். "காய்ச்சலுக்கு ஆரண்ணை தலைமை வகிக்கிறது?"

"சங்கம் எண்டா கூட்டம் போட வேணும், தீர்மானம் நிறைவேத்த வேணும். நாலு பெண்டுகள் வீட்டுக்கு வீடு போய் விரல் விட்டு எண்ணினது செய்தி இல்ல, தம்பி. பத்திராதிபர் வரட்டும், திங்கட்கிழமை பாப்பம்."

"நாளைக்குப் பெருநாள், அண்ணை. அந்தப் பக்கமெல்லாம் சனம் நிக்கும்."

"அதாலதான் சொல்லுறன். பெருநாளில சனத்தைப் பயப்படுத்தக் கூடாது."

கடைசியாகச் சொன்னது அவருக்கே நன்றாகப் பிடித்துவிட்டது. மனுஷன் ஒன்றைச் செய்ய முடிவெடுத்த பிறகு காரணங்கள் எங்கிருந்தோ ஓடி வருகின்றன. றேமண்ட் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினான்.

பத்தேமுக்காலுக்கு எழுத்துக் கோர்க்கிற ஸவாஹிர் கீழேயிருந்து ஏறி வந்தார். "மூணாம் பக்கத்துல ஆறு இஞ்சி எடம் சும்மா ஈக்கி. என்னத்தப் போடுற?"

சவுந்தரநாயகம் மேசை லாச்சியைத் திறந்தார். முந்திய நாள் துறைமுகத் தொழிலாளர் நண்பர் சங்கத்து நிக்கலஸ் கொண்டுவந்து கொடுத்த அறிக்கை அங்கே இருந்தது. பெருநாளுக்கு வரும் அடியார்களுக்குச் சர்பத் பந்தல். திறப்பு விழா நாளை காலை பத்து மணிக்கு. தலைமை, மாலைமித்திரன் உதவி ஆசிரியர் திரு. சவுந்தரநாயகம் அவர்கள். ஊரெல்லாம் தலைமை வகித்தவர்களின் பெயரை அளந்து போட்டவரை, தலைமை வகிக்க வரும்படி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. கூச்சத்தில் அதை மூன்று அங்குலத்துக்குச் சுருக்கி வைத்திருந்தார். இப்போது கூச்சம் போய்விட்டது.

"இதை ஆறாகப் போடுங்கோ. பேர் தடிச்ச எழுத்தில."

அச்சுப்படி வந்ததும் தன் பெயரை மூன்று தரம் வாசித்தார். இமெல்டா இதைப் பார்ப்பாள் என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பு மத்தியானச் சாப்பாட்டை நன்றாக இறக்கியது.

வெள்ளிக்கிழமை காலை கொச்சிக்கடையில் கால் வைக்க இடமில்லை. மெழுகுதிரியும் மாலையுமாகச் சனம். பஸ்கள் தூரத்திலேயே நின்றுவிட்டன. தென்னங்கீற்றுப் பந்தலில் ஆறு பீப்பா நிறையச் சிவப்புச் சர்பத், மேலே கசகசா மிதந்தது. மரத்தூள் ஒட்டிய ஐஸ் பாளங்களை இரண்டு பேர் உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெயிலில் வரிசை கோயில் மதில்வரைக்கும் நின்றது. கைக்குழந்தைக்காரிகளை முன்னால் விட்டிருந்தார்கள். நிக்கலஸ் சவுந்தரநாயகத்துக்கு மாலை போட்டு, வெள்ளைத் துணி விரித்த கதிரையில் இருத்தினான்.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தலைவர் நாலு வார்த்தை பேசி, முதல் கிளாஸைக் குடித்துக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் வரிசைக்குக் கொடுப்பார்கள். சவுந்தரநாயகம் நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். குழந்தைகள் அழத் தொடங்கியதால் இரண்டு பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார். நிக்கலஸ் நிரம்பி வழிகிற கிளாஸைக் கையில் கொடுத்தான்.

"நிறம் நல்லா வந்திருக்கு" என்றார் சவுந்தரநாயகம்.

"தண்ணியும் நல்ல தண்ணி, ஐயா. குழாயை நம்ப ஏலாதுதானே. விடிய நாலு பேர் போய்ப் பனங்கிணத்தில அள்ளினம். வாளியோடயே வாயை வைச்சுக் குடிச்சம். ஐஸே தேவையில்ல, அப்பிடிக் குளிர்."

சவுந்தரநாயகம் கிளாஸை வாயிலிருந்து விலக்கிப் பிடித்தார். அந்த நேரத்தில் அவருக்கு முதலில் தோன்றியது என்ன என்பதை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்: எனக்குத் தெரியும் என்பது இங்கே ஒருவருக்கும் தெரியாது. அதற்குப் பிறகுதான் வரிசையில் நின்ற குழந்தைகளைக் கண்டார்.

அதே நேரம் இமெல்டா சனத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். சாரிக் கரையெல்லாம் சேறு. பின்னால் சைக்கிளைத் தள்ளியபடி றேமண்ட். காலையிலிருந்து பந்தல் பந்தலாகப் போய்த் தண்ணீர் எங்கே அள்ளியது என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள் என்பது பார்த்தாலே தெரிந்தது.

"நிக்கலஸ், பனங்கிணத்துத் தண்ணி எண்டா குடுக்காதீங்க. நெருப்புக் காய்ச்சல். இருபத்துமூண்டு வீட்டில ஆக்கள் கிடக்கிறாங்க."

நிக்கலஸ் முகம் மாறியது. ஆறு பீப்பாவையும் பார்த்தான், வரிசையையும் பார்த்தான். "பேப்பர்ல ஒண்டும் வரேல்லையே, மிஸ். நேத்து முதலில இருந்து கடைசி வரைக்கும் வாசிச்சனான். எங்கட பந்தல் வந்தது. காய்ச்சல் எண்டு ஒரு எழுத்து இல்ல."

"இடம் இல்லாமப் போச்சாம். றேமண்ட் சொன்னவர்."

சவுந்தரநாயகம் றேமண்டைப் பார்த்தார். அவன் சைக்கிள் மணியைப் பார்த்துக்கொண்டு நின்றான். தன்னைக் காட்டிக் கொடுக்காமல் விட்டிருக்கிறான் என்று விளங்கியது. அது அடி வாங்கியதைவிட வலித்தது. அவன் ஒரு அயோக்கியனாக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

"இடம் இல்லாமப் போச்செண்டா, பெரிய விஷயம் இல்லத்தானே, மிஸ்" என்றான் நிக்கலஸ். "இல்லாட்டி விடுவாங்களா? இந்தா, பேப்பர் ஐயாவே இருக்கிறார். நீங்களே சொல்லுங்க, ஐயா."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். ஓம், இடமில்லை என்று சொல்லியிருக்கலாம். றேமண்ட் வாய் திறந்திருக்க மாட்டான். ஆனால் அப்படிச் சொன்னால் நிக்கலஸ் அகப்பையைப் பீப்பாவுக்குள் விடுவான். பத்திரிகையில் வராதது நடக்காதது என்று இந்தச் சனத்துக்குப் பதினாறு வருஷமாகப் படிப்பித்து வைத்தவர் அவரேதான்.

"இடம் இருந்தது" என்றார். எல்லாருக்கும் கேட்க இன்னொரு தரம் சொன்னார். "ஆறு அங்குலம் இருந்தது. மிஸ் சொல்லுறது உண்மை. நான்தான் போடேல்ல."

கிளாஸைக் கவிழ்த்தார். சர்பத் அவர் கால் சப்பாத்தில் தெறித்து மணலில் ஓடியது. வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. நிக்கலஸ் அவரைப் பார்த்த பார்வையில் மரியாதை எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. பீப்பாக்களைச் சரிக்கத் தொடங்கினான். மற்றத் தொழிலாளரும் தோள் கொடுத்தார்கள்.

இமெல்டா மட்டும் அசையவில்லை. "ஏன் போடேல்ல?" என்று கேட்டாள்.

தலைமை வகித்தவர் பெயர் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தார். வேறொன்று வந்துவிட்டது.

"அந்தத் தாளில ரெண்டு கையெழுத்து இருந்தது."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. செவ்வாய்க்கிழமைகள், இஸ்திரி போட்ட கோட்டு, தேத்தண்ணி, கிம்புலா பணிஸ், எல்லாவற்றையும் அவள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பது அவள் முகத்தில் தெரிந்தது. ஆறு வருஷம் சொல்லாமல் வைத்திருந்ததை அவர் சொல்லி முடித்த விதம் அது. அவள் குனிந்து, வரிசைக்காரப் பெண்ணொருத்தியின் கையிலிருந்த வெறுங் கிளாஸை வாங்கி மேசையில் வைத்தாள். அடுத்த பந்தலைப் பார்க்க வேண்டும் என்று றேமண்டிடம் சொல்லிக்கொண்டு நடந்தாள்.

சனிக்கிழமை முதற்பக்கத்தில் கிணறு வந்தது. றேமண்ட் எழுதியதில் சவுந்தரநாயகத்தின் பெயர் எங்கும் இல்லை. அந்தத் தயவை அவரால் மன்னிக்க முடியவில்லை. கிணற்றை மூடினார்கள், குழாயில் தண்ணீர் வந்தது. வாளியில் குடித்த நாலு பேரைப் பற்றி அவர் ஒவ்வொரு நாளும் நினைத்தார், யாரிடமும் விசாரிக்கப் பயந்தார். றேமண்டைக் கேட்டால் தெரிந்திருக்கும். அவனைக் கேட்பதற்கு அப்போதும் மனம் வரவில்லை.

ஐந்தாவது செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு இமெல்டா படியேறி வந்தாள். றேமண்டின் மேசையைத் தாண்டி நேரே இவர் மேசைக்கு வந்தாள். சவுந்தரநாயகம் தன்னையறியாமல் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். அவள் உட்காரவில்லை. ஒரு தாளை வைத்தாள்.

"நீங்க சொல்லித் தந்த மாதிரியே எழுதியிருக்கிறன்" என்றாள். "தலைமை வகித்தவர் பெயர் முதல் வரியிலயே இருக்கு."

ஊதா மை. ஒரே கையெழுத்துத்தான்.

'ஜூன் பதின்மூன்றாந் திகதி திரு. சவுந்தரநாயகம் அவர்கள் தலைமையில் நடைபெற்ற சர்பத் பந்தல் திறப்பு விழாவுக்கெனப் பனங்கிணற்றில் தண்ணீர் அள்ளிய நால்வரில் மூவர் நெருப்புக் காய்ச்சலால் பீடிக்கப்பட்டனர். அவர்களுள் துறைமுகத் தொழிலாளர் நண்பர் சங்கத்து நிக்கலஸ் என்பவர் நேற்றுக் காலமானார். அன்னாருக்கு மனைவியும் இரு பெண்மக்களும் உளர்.'

அவர் நிமிர்ந்தபோது இமெல்டா படியிறங்கிக்கொண்டிருந்தாள். கீழ்க்கடையிலிருந்து வந்த இரண்டு தேத்தண்ணியும் மேசையில் இருந்தன. யார் சொல்லிவிட்டது என்று அவருக்கு ஞாபகமில்லை. அன்றைய பத்திரிகை அச்சாகி விலைப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அவர் ஸவாஹிரைக் கூப்பிட்டுத் தாளை அப்படியே கொடுத்தார்.

"நாளைக்கு முதற்பக்கம்."

ஸவாஹிர் முதல் வரியை வாசித்துவிட்டுத் தயங்கினார். "ஒங்கட பேரு ஈக்கே. வெட்டுறல்லயா?"

"ஒரு எழுத்தும் வெட்ட வேணாம்" என்றார் சவுந்தரநாயகம்.

எத்தனை அங்குலம் என்று கேட்டார் ஸவாஹிர். சவுந்தரநாயகம் அடிமட்டத்தை எடுத்து லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார்.